ட்ரென்ச்சேனில் ராகோட்சி தோற்றது குதிரையாலா?

கேள்வி இது: "1708-இல் ட்ரென்ச்சேன் போரில் ஹங்கேரியக் கிளர்ச்சிப் படை பேரரசரின் படையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிது. அப்படியும் ஒரே நாளில் சிதறிப்போனது எப்படி? தலைவர் ராகோட்சியின் குதிரை தடுக்கி விழுந்ததுதான் காரணம் என்று சொல்கிறார்களே, அது உண்மையா?"

குதிரை விழுந்தது உண்மை. ராகோட்சி மயங்கிக் கிடந்ததும், ஆள் செத்துவிட்டார் என்று நினைத்துப் படை ஓடியதும் உண்மைதான். ஆனால் 15,000 பேர் கொண்ட ஒரு படை, ஒருவர் கீழே விழுந்ததும் கலைகிறது என்றால், அந்தப் படையைக் கட்டி வைத்திருந்தது என்ன என்று கேட்க வேண்டும். அதற்கு இருபது வருஷத்துக்கு மேல் பின்னால் போய் வரலாம்.

முதலில் பெயர்கள். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள். நம் ஊர் இனிஷியல் மாதிரி. ஆகவே அங்கே அவர் 'ராகோட்சி ஃபெரென்ட்ஸ்'. பிறர் திருப்பிப் போட்டு எழுதுவார்கள். கிளர்ச்சிக்காரர்களைக் 'குருத்ஸ்' என்பார்கள். வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்துப் பேரரசர் பக்கம் நின்றவர்களுக்கு 'லபன்ட்ஸ்' என்று பெயர். இந்த இரண்டு சொற்களும் இன்றைக்கும் ஹங்கேரியப் பேச்சில் உயிரோடு இருக்கின்றன: அதிகாரத்தை எதிர்த்து நிற்பவன் குருத்ஸ், அதற்கு ஒத்து ஊதுபவன் லபன்ட்ஸ்.

1686-இல் புடா நகரத்தை ஹாப்ஸ்பர்க் பேரரசரின் படைகள் துருக்கியரிடமிருந்து மீட்டன. 1699-இல் துருக்கியரோடு கார்லோவிட்ஸ் உடன்படிக்கை. சுமார் 150 வருஷ ஆட்டோமன் ஆட்சி ஹங்கேரியின் பெரும்பகுதியை விட்டுப் போனது. மக்கள் மூச்சு விடுவதற்குள் மீட்க வந்தவரே வீட்டுக்காரர் ஆகிவிட்டார். 1687-இலேயே ஹங்கேரிய நாடாளுமன்றத்தை நெருக்கி, அரியணை ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கே பரம்பரை உரிமை என்று ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்கள். அரசன் சட்டத்தை மீறினால் பிரபுக்கள் ஆயுதம் எடுக்கலாம் என்று 1222-ஆம் ஆண்டின் பொன் முத்திரைச் சாசனம் ஓர் உரிமை கொடுத்திருந்தது. அதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. துருக்கியரிடமிருந்து மீட்ட பகுதியில் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் பழைய பத்திரத்தைக் காட்டித் தங்கள் சொத்துதான் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்தபிறகும் மதிப்பில் பத்தில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும். 150 வருஷப் போருக்கு நடுவே பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? குடியானவர்களுக்கு வேறு தொல்லை. வரி ஒரு பக்கம், வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டு சோறு கேட்கும் சிப்பாய்கள் ஒரு பக்கம். எல்லைக் கோட்டைகளில் துருக்கியருக்கு எதிராகக் காவல் காத்த ஹங்கேரிய வீரர்களுக்கோ, "இனி நீங்கள் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

ராகோட்சி இந்தப் பகைக்குள்ளேயே பிறந்தவர். பிறந்தது 1676-இல். தாய்வழிப் பாட்டனார் பீட்டர் ஸ்ரீனியை 1671-இல் சதிக் குற்றத்துக்காகத் தலை வெட்டினார்கள். தாயார் இலோனா ஸ்ரீனி, முங்காச் கோட்டைக்குள் இருந்துகொண்டு 1685 முதல் 1688 வரை பேரரசரின் முற்றுகையைத் தாங்கினார். சிறுவன் ராகோட்சி கோட்டைக்குள்தான் இருந்தான். கோட்டை பணிந்ததும் பையனைத் தாயிடமிருந்து பிரித்து போஹீமியாவுக்கு, இயேசு சபைப் பாதிரிமார் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஹங்கேரிய எண்ணமே இல்லாத ஒரு விசுவாசமான பிரபுவாக வளர்த்துவிடலாம் என்று கணக்கு. ஓரளவு பலிக்கவும் செய்தது. 1697-இல் கலகம் செய்த குடியானவர்கள் அவரைத் தலைவராக வரச்சொன்னபோது அவர் வியன்னாவுக்கு ஓடிப்போனார். பிற்பாடுதான் மனம் மாறியது. பிரான்சின் 14-ஆம் லூயிக்கு எழுதிய கடிதம் பிடிபட, 1701-இல் கைதாகி வீனர் நோய்ஷ்டாட்டில் அடைபட்டார். அவருடைய பாட்டனார் கடைசி நாட்களைக் கழித்த அதே சிறை. அங்கிருந்த காவல் அதிகாரி லேமன் உதவியால் சிப்பாய் உடையில் தப்பி போலந்துக்குப் போய்ச் சேர்ந்தார். லேமன் உயிரை விலையாகக் கொடுத்தார்.

1703-இல் ராகோட்சியைத் தேடிப் போலந்துக்கு வந்தவர்கள் பிரபுக்கள் இல்லை, குடியானவர்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவர் தமாஷ் எஸெ, தார்பா ஊர்க்காரர், உப்பு வியாபாரம் செய்த பண்ணையடிமை. (தாமஸ் என்ற பெயரை அங்கே தமாஷ் என்றுதான் சொல்வார்கள். ஆள் விளையாட்டுப் பேர்வழி இல்லை.) ராகோட்சி அவர்களுக்குக் கொடிகளை அனுப்பினார். "கடவுளோடு, தாய்நாட்டுக்காகவும் விடுதலைக்காகவும்" என்று லத்தீனில் எழுதிய கொடிகள். ஜூனில் அவரே எல்லை தாண்டி வந்தார். அதே மாதம் குடியானவர் கூட்டத்தை டோல்ஹா என்ற ஊரில் அடித்து விரட்டியவர் ஷாண்டோர் காரோயி என்ற ஹங்கேரியப் பிரபு. சில மாதம் கழித்து அவரும் ராகோட்சி பக்கம் வந்தார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகக் குருத்ஸ் படைக்குள் இரண்டு கூட்டம் இருந்தது. பண்ணை வேலையிலிருந்து விடுபட வந்தவர்கள் ஒன்று. அந்தப் பண்ணைகளுக்குச் சொந்தக்காரர்கள் மற்றொன்று. ஆயுதம் எடுத்த குடியானவர், படையில் இருக்கும்வரை வரியும் பண்ணை வேலையும் தர வேண்டாம் என்று ராகோட்சி 1703-லேயே அறிவித்தார். பிரபுக்கள் முகம் சுளித்தார்கள். இரண்டு பேரும் நம்பிய ஒரே ஆள் ராகோட்சி. நாட்டிலேயே பெரிய நிலக்கிழார் என்பதால் பிரபுக்களுக்கு அவர் தம்மவர். கூப்பிட்டதும் எல்லை தாண்டி வந்தார் என்பதால் குடியானவர்களுக்கும் தம்மவர்.

இந்தப் படை எதில் கெட்டி, எதில் மட்டம் என்று பார்த்துவிடலாம். திடீரென்று பாய்ந்து, அடித்து, கொளுத்திவிட்டு மறைவதில் குருத்ஸ் குதிரைக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. 1704-இல் அவர்கள் வியன்னாவின் வாசல்வரை வந்து போனார்கள். பயந்துபோன நகரம், புறநகர்களைச் சுற்றிப் புதிதாக ஓர் அரண் எழுப்பியது. இன்று வியன்னாவில் 'கூர்ட்டல்' என்று ஒரு சுற்றுச்சாலை போகிறதே, அது அந்த அரணின் தடத்தில்தான் போகிறது. ஆஸ்திரியாவில் கோபம் வந்தால் 'க்ரூட்சித்யூர்க்கன்' என்று திட்டுவார்கள். குருத்ஸையும் துருக்கியரையும் சேர்த்துத் திட்டுவது என்று ஊர்மக்கள் விளக்கம் சொல்வார்கள். சிலுவையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு.

ஆனால் திறந்த வெளியில், அணி வகுத்து, எதிரே வருபவன் சுடுவதைத் தாங்கிக்கொண்டு நிற்கச் சொன்னால் கதை வேறு. பயிற்சி பெற்ற காலாட்படையும் அதிகாரிகளும் குறைவு. 1704 டிசம்பர் 26-இல் நாட்ஜ்ஸொம்பாட்டில், கையில் வந்த வெற்றி நழுவியது. பிடிபட்டுக் குருத்ஸ் படையில் சேர்க்கப்பட்டிருந்த ஜெர்மானியச் சிப்பாய்கள் போருக்கு நடுவே பழைய பக்கம் திரும்பிவிட்டார்கள். 1705 நவம்பரில் ஷிபோவில் டிரான்சில்வேனியாவின் வாசலைக் காக்கப் போய்த் தோற்றார்கள். பெரிய போர்களின் பட்டியலை எடுத்தால் தோல்விதான் அதிகம். அப்படியும் நாட்டின் பெரும்பகுதி அவர்கள் கையில் இருந்ததற்குக் காரணம், பேரரசரின் நல்ல படைகள் பிரான்சுக்கு எதிரான ஸ்பானிய அரியணைப் போரில் ரைன் கரையிலும் இத்தாலியிலும் மாட்டிக்கொண்டிருந்ததுதான்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பலர் தாண்டிப் போய்விடுகிற இடம் இது. 14-ஆம் லூயி மாதம் 30,000 லீவ்ர் (பிரெஞ்சு நாணயம்), பிறகு 50,000 லீவ்ர் அனுப்பினார். நாலைந்தாயிரம் பேருக்குச் சம்பளம் போட அது போதும். மிச்ச ஆட்களுக்கு? ராகோட்சி செம்பில் காசு அடித்தார். காசின் மேல் 'விடுதலைக்காக' என்ற லத்தீன் வாசகம். பத்துப் பொல்டூரா, இருபது பொல்டூரா என்று மதிப்பு பொறித்திருக்கும், உலோகத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'கொங்கோ'. வெற்றுப் பாத்திரத்தைத் தட்டினால் வரும் ஓசைக்கு ஹங்கேரிய மொழியில் உள்ள வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர். ஒரு சிப்பாயை நினைத்துப் பாருங்கள். மாதக் கடைசியில் கை நிறையச் செம்புக்காசு. சந்தையில் மாவு விற்பவர் காசைக் கல்லில் தட்டிப் பார்க்கிறார், 'கொங்' என்கிறது, தலையை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். 1707 வாக்கில் அந்தக் காசை வாங்க ஆளில்லை. காசு செல்லாதபோது சிப்பாய் ஊருக்குள் புகுந்து எடுத்துக்கொள்வான், அல்லது வீட்டுக்குப் போய்விடுவான். இரண்டும் நடந்தது.

சரி, இனி 1707. லூயியோடு முறையான உடன்படிக்கை வேண்டுமென்று ராகோட்சி விரும்பினார். "வேறோர் அரசனின் குடிமகனோடு நான் ஒப்பந்தம் போட முடியாது" என்பது பிரான்ஸ் தரப்பின் சாக்கு. அதைத் தீர்க்க, 1707 ஜூனில் ஓனோட் என்ற ஊரில் கூடிய சபை, ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கு ஹங்கேரிய அரியணையில் இனி இடமில்லை என்று அறிவித்தது. அதே கூட்டத்தில், போர் வேண்டாம் என்று மனு எழுதிய டூரோட்ஸ் மாவட்டப் பிரதிநிதிகள் இருவர் உயிரை இழந்தார்கள். ஒருவரைச் சபையிலேயே வெட்டினார்கள், மற்றவருக்குப் பிறகு மரண தண்டனை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். ராகோட்சியின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுவார்கள். அவ்வளவு விலை கொடுத்தும் பிரான்ஸ் கையெழுத்துப் போடவில்லை. மறுபக்கம், வியன்னாவோடு சமரசம் பேசும் கதவும் சாத்தப்பட்டுவிட்டது.

அப்போதுதான் வடக்கே இருந்த ஜெர்மானிய அரசான பிரஷ்யா கண்ணில் பட்டது. ஹங்கேரிய மகுடத்தைப் பிரஷ்ய இளவரசருக்குக் கொடுக்கலாம், பதிலுக்கு அவர்கள் படை தரட்டும் என்று ஒரு யோசனை. அதற்கு முதலில் ஹாப்ஸ்பர்க் வசமிருந்த சிலேசியா மாகாணத்துக்குள் நுழைந்து காட்ட வேண்டும். பிரஷ்யாவின் எல்லையோடு கை கோக்க வேண்டும். 1708 கோடையில் ராகோட்சி தன் நல்ல படைப்பிரிவுகளைச் சேர்த்துக்கொண்டு வாக் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கே புறப்பட்டதன் நோக்கம் அது. வழியில் நின்றது ட்ரென்ச்சேன். இன்று ஸ்லோவாக்கியாவில் ட்ரென்சீன் என்ற பெயரில் இருக்கிறது. பேரரசர் வசமிருந்த கோட்டை, செங்குத்தான பாறைமேல் இருக்கிறது. அந்தப் பாறையின் அடியில் கி.பி. 179 வாக்கில் ரோமானியர்கள் வெட்டிவைத்த கல்வெட்டு ஒன்று இன்றும் உண்டு: இரண்டாம் லீஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவின் 855 வீரர்கள் இங்கே தங்கினார்கள் என்கிறது. எத்தனையோ படைகள் வந்து போன இடம்.

பேரரசர் தரப்பில் வந்தவர் தளபதி ஹைஸ்டர். கையில் சுமார் 8,000 பேர். குதிரைப்படைக்குத் தலைமை யானோஷ் பால்ஃபி. இவரும் ஹங்கேரியர்தான், பழைய பிரபு குடும்பம். வெளிநாட்டு ஆட்சிக்கு எதிராக ஒரு நாடே எழுந்து நின்றது என்று இந்தப் போரைச் சொல்பவர்கள் பால்ஃபியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 3. ராகோட்சி மேட்டு நிலத்தில் நல்ல இடம் பிடித்து நின்றார். ஹைஸ்டர் பார்த்தார். நேரே மோதினால் பிழைக்க முடியாது என்று தெரிந்தது. மோதாமல் விலகிப் போகத்தான் அவருக்கு எண்ணம். குருத்ஸ் படை அப்படியே நின்றிருந்தால் போரே நடந்திருக்காது என்றுகூடச் சொல்லலாம்.

நிற்கவில்லை. தளபதி லோரின்ட்ஸ் பெக்ரி தன் குதிரைக்காரர்களோடு நீர்நிலைகளுக்கு நடுவே போகும் ஒரு குறுகிய கரை வழியாக முன்னே போனார். எதிரியை விலாவில் அடிக்கலாம் என்று திட்டம். கரை என்றால் நம் ஏரிக்கரை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாகத்தான் போக முடியும். முன்னால் போனவர் அந்தப் பக்கம் இறங்கி அணி வகுக்கும்வரை பின்னால் வருபவர் கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டும். பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே. ஒரு குதிரைப்படை இதைவிடச் சங்கடமான நிலையில் மாட்டிக்கொள்ள முடியாது. பால்ஃபி அதைப் பார்த்துவிட்டார். தாமதிக்காமல் பாய்ந்தார். பெக்ரியின் ஆட்கள் நிலைகுலைந்து பின்வாங்கினார்கள். பின்வாங்கும் வழியும் அதே குறுகிய கரைதான். அந்தக் குழப்பம் பக்கத்து அணிகளுக்கும் பரவியது.

ராகோட்சி நிலைமையைச் சரிக்கட்டத் தன் நெருக்கமான வீரர்களைக் கூட்டிக்கொண்டு தானே இறங்கினார். ஒரு பள்ளத்தைத் தாண்டும்போது குதிரை விழுந்தது. மனிதர் தூக்கி எறியப்பட்டு மூர்ச்சையானார். கூட இருந்தவர்கள் அவரை அங்கிருந்து அகற்றினார்கள். அசையாமல் கிடந்த தலைவரைத் தூக்கிக்கொண்டு போவதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு என்ன தோன்றும்? "ராகோட்சி போய்விட்டார்." செய்தி வரிசையில் ஓடியது, செய்தியோடு ஆட்களும் ஓடினார்கள். குதிரை இருந்தவர் தப்பினார், காலாட்கள் அடிபட்டார்கள். செத்தவர் சில நூறு பேர், பிடிபட்டவர் சில நூறு பேர். 15,000 பேர் கொண்ட படையில் இது படையையே அழிக்கும் இழப்பு இல்லை. நல்ல தளபதி ஒரு மாதத்தில் ஈடுகட்டிவிடும் அளவுதான்.

ஈடுகட்ட முடியாமல் போனது வேறு. சிலேசியா திட்டம் அன்றோடு முடிந்தது. பிரஷ்யாவுக்கு இனி பேச ஒன்றும் இல்லை. அதே மாதக் கடைசியில் லாஸ்லோ ஒச்காய் தன் படைப்பிரிவோடு பேரரசர் பக்கம் போய்ச் சேர்ந்தார். சாதாரண ஆளில்லை அவர். 'ராகோட்சியின் மின்னல்' என்று பெயர் வாங்கியவர், வியன்னாப் பக்கம் புகுந்து அடித்த வீரர். தலைவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தபிறகுதான் இவர் கட்சி மாறினார் என்பதைக் கவனியுங்கள். பயத்தில் ஓடியவரைக் குதிரைக் கதை விளக்கும். கணக்குப் போட்டுப் போனவரை அது விளக்காது. இம்ரே பெஸெரேடி என்ற மற்றொரு தளபதியும் அதே வழியில் போக முயன்று பிடிபட்டு, டிசம்பரில் சாரோஷ்பதாக்கில் தலையை இழந்தார். ஒச்காய் 1710 ஜனவரி தொடக்கத்தில் பழைய தோழர்கள் கையில் சிக்கினார், இரண்டு நாளில் அவருக்கும் அதே முடிவு.

1708 டிசம்பரிலேயே சாரோஷ்பதாக்கில் கூடிய சபை, கடைசிவரை ஆயுதத்தோடு நிற்கும் பண்ணையடிமைக்கு நிரந்தர விடுதலை என்று சட்டம் போட்டது. ஐந்து வருஷம் முன்பு போட்டிருந்தால் நிலைமையே வேறு. இப்போது சட்டம் இருந்தது, ஆள் இல்லை. தமாஷ் எஸெ இதைப் பார்க்க உயிரோடு இல்லை. ட்ரென்ச்சேனுக்குச் சில மாதம் முன்பே, குருத்ஸ் படைக்குள் நடந்த மோதலில் அவர் செத்துப்போனார். அப்புறம் கொள்ளைநோயும் வந்தது. போரில் செத்தவர்களைவிடப் பல மடங்கு பேரை அது கொண்டுபோயிற்று. 1710 ஜனவரியில் ரொம்ஹானியில் ராகோட்சி மறுபடி ஒரு பெரிய போர் செய்து பார்த்தார். முதலில் வென்றதுபோல் இருந்து கடைசியில் கலைந்தது.

ஆக, என் கணிப்பு இது. பெக்ரி அந்தக் கரையில் இறங்காமல் இருந்திருந்தால் ட்ரென்ச்சேன் தோல்வியைத் தவிர்த்திருக்கலாம். குதிரை விழாமல் இருந்திருந்தால் பின்வாங்குதல் ஒழுங்காக நடந்திருக்கலாம். ஆனால் சம்பளம் செல்லாக் காசு, பிரபுவுக்கும் குடியானவனுக்கும் ஒரே நோக்கம் கிடையாது, வெளியிலிருந்து வரும் என்று சொன்ன உதவி வரவேயில்லை. இந்த மூன்றையும் ஒரு மனிதர்மேல் வைத்த நம்பிக்கை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. அவர் மூர்ச்சையாகிக் கிடந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியே தெரிந்துவிட்டது.

முடிவில் சமாதானம் பேசியவர் யார் தெரியுமா? பேரரசர் தரப்பில் ட்ரென்ச்சேனில் பாய்ந்த அதே பால்ஃபி. குருத்ஸ் தரப்பில் முதல் மாதத்தில் குடியானவர்களை விரட்டிய அதே காரோயி. இரண்டு ஹங்கேரியப் பிரபுக்கள். ராகோட்சி உதவி தேடிப் போலந்துக்குப் போயிருந்த நேரத்தில், 1711 ஏப்ரல் இறுதியில் சாட்மார் உடன்படிக்கையை முடித்தார்கள். பேரரசர் முதலாம் யோசஃப் ஏப்ரல் 17-இலேயே பெரியம்மையில் இறந்துவிட்டார். அந்தச் செய்தியைக் குருத்ஸ் தரப்புக்குச் சொல்லாமல் மறைத்தே காரியத்தை முடித்தார்கள். விதிகள் அப்படியொன்றும் மோசம் இல்லை: விசுவாசப் பிரமாணம் எடுப்பவருக்கு உயிரும் நிலமும் மிஞ்சும், மத உரிமைக்கு உறுதிமொழி உண்டு. பண்ணையடிமைக்கு மட்டும் ஒன்றுமில்லை. மே 1-ஆம் தேதி மாய்டேனி வயல்வெளியில் சுமார் 12,000 குருத்ஸ் வீரர்கள் அணிவகுத்து வந்து, கொடிகளை மண்ணில் ஊன்றிவிட்டுக் கலைந்தார்கள்.

மன்னிப்பு ராகோட்சிக்கும் கிடைத்திருக்கும். அவர் வாங்கவில்லை. போலந்து, பிரான்ஸ், 1717-இல் துருக்கி என்று அலைந்து, மார்மரா கடற்கரையில் ரோடோஸ்டோ என்ற ஊரில் தங்கினார். இன்று அதன் பெயர் டெக்கிர்டா. தன் பாட்டனார் எதிர்த்துப் போராடிய சுல்தான்களின் நிழலில், கிடைத்த நேரத்தில் தச்சு வேலை செய்துகொண்டு வாழ்ந்தார். 1735 ஏப்ரல் 8, பெரிய வெள்ளிக்கிழமை அன்று இறந்தார். 1906-இல் எலும்புகளைக் கொண்டுவந்து கஷ்ஷா நகரப் பேராலயத்தில் வைத்தார்கள். அந்த நகரமும் இப்போது ஸ்லோவாக்கியாவில்தான், பெயர் கோஷித்ஸெ. பன்னிரண்டு வயதில் பிரித்துக் கொண்டுபோன பிள்ளையும், முங்காச் கோட்டையைக் காத்த தாய் இலோனாவும் அங்கே ஒரே பேழையில் கிடக்கிறார்கள்.